ஏரி வண்டலில் மாசின் வரலாற்றைப் படிக்க எதை எண்ணுவது? உலோகம், டயாட்டம், ஓட்டு அமீபா, டி.என்.ஏ.: ஓர் ஒப்பீடு

ஓர் ஏரி கெட்டுவிட்டது என்பது கரையில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். எப்போதிலிருந்து கெட்டது, அதற்கு முன் எப்படி இருந்தது, உள்ளே வந்து சேர்ந்த மாசு அங்கிருந்த உயிர்களை என்ன செய்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் கரையில் விடை கிடைக்காது. நீரை முறையாக அளந்து எழுதிவைத்த பதிவேடுகள் பெரும்பாலான ஏரிகளுக்கு இல்லை. இருக்கிற இடங்களிலும் மாசு வரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகே அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆகவே அடிவண்டலை நாடுகிறோம். ஒரு குழாயை இறக்கி அரை மீட்டர் சேற்றை உருக்குலையாமல் மேலே எடுத்தால், பல ஏரிகளில் தொழிற்சாலைகளுக்கு முந்தைய காலம்வரை அந்த உருளைக்குள் இருக்கும்.

தடுமாற்றம் தொடங்குவது உருளை கைக்கு வந்த பிறகுதான். "ஓர் உருளை, ஓர் ஆண்டு அவகாசம், இரண்டு பேர், கன உலோகங்களை அளப்பதா, டயாட்டம் என்ற சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளை எண்ணுவதா, இல்லை எல்லோரும் பேசுகிற டி.என்.ஏ. வழியில் போவதா?" என்று ஆய்வு மாணவர்களும் ஏரிப் பாதுகாப்புக் குழுவினரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்குச் சேறு போதாது. 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் எடுத்த உருளையிலிருந்து 1 சென்டிமீட்டர் தடிப்பில் ஒரு துண்டு அறுத்தால் கிடைப்பது 38 கன சென்டிமீட்டர் சேறு. மேல்மட்டத் துண்டுகளில் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். உலர்த்தினால் மிஞ்சுவது நான்கைந்து கிராம். அந்த நான்கைந்து கிராமை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதுதான் இங்கே எடுக்க வேண்டிய முடிவு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதிப் பகுப்பாய்வு மாசு வந்ததைக் காட்டும். உயிரிகளின் எச்சம் அந்த மாசு செய்ததைக் காட்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. எந்த உயிரியை எண்ணுவது என்பதை ஆய்வாளருக்குப் பழக்கமான உயிரி எது என்று பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஏரியின் சேறு எதைக் கெடாமல் வைத்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

## அளவுகோல்கள்

முதலாவது, கேள்வியின் தன்மை. எவ்வளவு மாசு, எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதனால் ஏரிக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி. வழக்கு நடத்துவோருக்குப் பெரும்பாலும் முதல் கேள்வி வேண்டும். ஏரியை மீட்க நினைப்போருக்கு இரண்டாவது.

இரண்டாவது, எச்சம் நிலைத்திருக்கிறதா என்பது. சிலிக்காவால் ஆன ஓடு காரநீரில் கரையும், சுண்ணாம்பு ஓடு அமிலநீரில் கரையும், பூச்சிப்புழு, நீர்த்தெள்ளு போன்றவற்றின் கைட்டின் தோல் பெரும்பாலான ஏரிகளில் தாக்குப்பிடிக்கும், டி.என்.ஏ. வெப்பத்தில் சிதையும்.

மூன்றாவதை வேதியியல் பக்கம் இருப்பவர்கள்கூடச் சில வேளை மறந்துவிடுகிறார்கள்: படிந்த பொருள் படிந்த இடத்திலேயே இருக்கிறதா? ஓடு அடுக்குக்குள் தானாக நகராது. கரைந்த அயனி நகரும்.

நான்காவது, சாட்சியம் எவ்வளவு குறிப்பானது என்பது. ஓர் உயிரினம் குறைந்ததற்கு ஆர்சனிக்கும் காரணமாக இருக்கலாம், ஆக்சிசன் குறைவும் காரணமாக இருக்கலாம், ஏரியில் புதிதாக விடப்பட்ட மீனும் காரணமாக இருக்கலாம். ஒரே மாற்றத்துக்கு இப்படிப் பல காரணங்கள் பொருந்தினால் அந்தச் சாட்சியம் தனியாக நிற்காது. ஐந்தாவது, ஒரு துண்டுக்கு எவ்வளவு சேறு, எத்தனை மணி நேரம், எவ்வளவு பயிற்சி தேவை என்பது.

## எதைத் தேர்ந்தாலும் முதலில் செலுத்த வேண்டியது: காலக்கணிப்பு

விருப்பங்களை ஒப்பிடும்போது பலர் இதைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆழத்தை ஆண்டாக மாற்றாவிட்டால் எந்த எண்ணிக்கைக்கும் பொருள் இல்லை. வண்டலில் இயற்கையாகவே சேரும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 இன் அரை ஆயுட்காலம் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 22 ஆண்டுகள். ஆகவே கடந்த 100 முதல் 150 ஆண்டுகளுக்கு அது உதவும். தொழில்மாசுக்கு வேண்டிய காலமும் ஏறத்தாழ அதுவே. சீசியம்-137 அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது. வட அரைக்கோளத்தில் அதன் உச்சம் 1963 ஆம் ஆண்டைக் குறிக்கும், ஐரோப்பாவின் பல பகுதிகளில் 1986 செர்னோபில் விபத்தின் உச்சமும் சேர்ந்து தெரியும். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள் என்பதால் 1963 இன் சீசியத்தில் கால் பங்குதான் இன்று மிஞ்சியிருக்கிறது. தென் அரைக்கோளத்தில் தொடக்கத்திலேயே குறைவாக விழுந்ததால் அங்கே உச்சத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மூன்றாவது சாட்சியாக நிலக்கரியையும் எரி எண்ணெயையும் உயர் வெப்பத்தில் எரிக்கும்போது வெளிவரும் உருண்டைக் கரித்துகள்களைப் பார்க்கலாம். இயற்கையான தீயில் இவை உருவாவதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் தோன்றி, 1950 ஐ ஒட்டிச் சட்டென்று பெருகும் இவற்றின் போக்கு உலகின் பல ஏரிகளில் பதிவாகியிருக்கிறது. குறை என்னவென்றால், இவற்றைப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். தகுந்த காற்றுப்போக்கியும் பயிற்சியும் இல்லாத கூடத்தில் அதைத் தொடவே கூடாது.

சேறு கலங்காமல் இருக்கிறதா என்பதையும் ஈயம்-210 தான் சொல்லும். நான் முதன்முதலாக எடுத்த உருளையை வண்டியில் நிற்கவைக்க இடமில்லாமல் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். கூழ்போல் இருந்த மேல்பகுதி வழியெல்லாம் ஆடிக் கலந்திருக்கிறது; வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து எண்ணிய பிறகு காலக்கணிப்பு முடிவு வந்தபோது மேல் 6 சென்டிமீட்டருக்கும் ஈயம்-210 அளவு ஆழத்தோடு குறையாமல் ஒரே மட்டமாக இருந்தது. அந்த 6 சென்டிமீட்டரில்தான் எனக்கு வேண்டிய முப்பது ஆண்டுகளும் இருந்தன. ஆகவே காலக்கணிப்பு முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள்.

துண்டின் தடிப்பையும் இதற்கேற்பத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் படியும் ஏரியில் 1 சென்டிமீட்டர் துண்டு ஐந்து ஆண்டுகளைக் கலந்து தரும். ஒரு தொழிற்சாலை இரண்டே ஆண்டுகள் கழிவை விட்டிருந்தால் அது அந்தத் துண்டில் மங்கிப்போகும்.

## வேதிப் பகுப்பாய்வு

அளவையும் மூலத்தையும் பற்றிய கேள்விக்கு இதற்கு மாற்று இல்லை. சுவீடன் ஏரிகளின் வண்டலில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் உலோகம் உருக்கிய காலத்து ஈயமே காற்றுவழி வந்து படிந்திருப்பது கண்டறியப்பட்டது. அதே உருளைகளின் மேற்பகுதியில் ஈயம் கலந்த பெட்ரோலின் காலமான 1970களின் உச்சம் தெரிகிறது. அந்த ஈயம் உள்ளூர்ப் பாறையிலிருந்து வரவில்லை என்பதை ஐசோடோப்பு விகிதம் (எடை மாறுபட்ட ஈய அணுக்களின் விகிதம்) காட்டிக்கொடுத்தது: மாசுபடாத அடிவண்டலில் ஈயம்-206 க்கும் ஈயம்-207 க்கும் உள்ள விகிதம் 1.5 ஐ ஒட்டியிருக்க, மாசாக வந்த ஈயத்தில் அது 1.2 க்கும் கீழே இருந்தது. எந்த ஓடும் இப்படி ஊரைச் சுட்டிக்காட்டாது.

வரம்புகளோடு ஒப்பிடுவதற்கும் இதுவே வசதி. நன்னீர் வண்டலுக்கான, வட அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் வழிகாட்டு மதிப்புகளின்படி உலர் எடையில் கிலோவுக்கு 35.8 மில்லிகிராமுக்குக் கீழே ஈயம் இருந்தால் அடிவாழ் உயிர்களுக்குத் தீங்கு நேர வாய்ப்புக் குறைவு. 128 மில்லிகிராமைத் தாண்டினால் தீங்கை எதிர்பார்க்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி அகலமானது. பெரும்பாலான ஏரிகள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அங்கே உலோக அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. உயிரியைக் கேட்டாக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. களிமண் மிகுந்த அடுக்கில் உலோகம் இயல்பாகவே அதிகம், மணல் மிகுந்த அடுக்கில் குறைவு. ஆகவே அலுமினியம் அல்லது டைட்டேனியம் போன்ற, மண்ணோடு மட்டும் வரும் ஒரு தனிமத்தால் வகுத்துப் பார்க்காவிட்டால் பெருமழை ஆண்டு ஒன்றை மாசு ஆண்டாக எழுதிவிடுவோம். அடுத்து, வலுக்குறைந்த அமிலத்தில் கரைத்து அளந்த மதிப்பையும் முழுமையாகக் கரைத்து அளந்த மதிப்பையும் ஒப்பிடவே முடியாது. இரண்டு கூடங்களின் முடிவுகளை ஒரே வரைபடத்தில் சேர்த்து வரைந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கனடாவின் யெல்லோநைஃப் நகருக்கு அருகிலுள்ள ஜயன்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை இயங்கியது. தாதுவை வறுத்தபோது ஆர்சனிக் டிரையாக்சைடு புகைபோக்கி வழியே வெளியேறிச் சுற்றியுள்ள ஏரிகளில் இறங்கியது. பிடித்து நிலத்தடியில் சேமிக்கப்பட்டது மட்டும் 2,37,000 டன். புகை பெருமளவில் வெளியேறியது சுரங்கத்தின் தொடக்க ஆண்டுகளில். ஆனாலும் அப்பகுதி ஏரிகளின் வண்டலில் மேல்மட்டத்திலேயே ஆர்சனிக் செறிந்திருக்கக் காணலாம். ஆக்சிசன் இல்லாத ஆழத்தில் இரும்பு ஆக்சைடு கரையும்போது அதனோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு மேலேறி, ஆக்சிசன் உள்ள மேற்பரப்பில் மீண்டும் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. இந்த நடமாட்டத்தை அறியாதவர் அந்த வரைபடத்தைப் பார்த்தால், மாசு இன்றைக்கும் கூடிக்கொண்டே போகிறது என்று எழுதிவிடுவார். ஈயமும் பாதரசமும் ஒப்பீட்டளவில் இருந்த இடத்தில் இருக்கும். ஆர்சனிக், மாங்கனீசு, பாசுபரசு மூன்றையும் அவற்றின் ஆழத்தை மட்டும் வைத்து நம்பக் கூடாது.

## டயாட்டம்

இந்தத் துறையில் மிக நீண்ட அனுபவம் சேர்ந்திருப்பது டயாட்டத்துக்குத்தான். சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் கரிமப் பொருளெல்லாம் நுரைத்துப் போய், அடியில் சாம்பல் வெள்ளையாகச் சிறிது மாவு மிஞ்சும். அதில் ஒரு சொட்டை உலரவைத்து, எண்ணெய் வில்லையில் 1000 மடங்கு பெருக்கிப் பார்த்தால் படகும் தட்டும் ஊசியுமாகச் சிலிக்கா ஓடுகள் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் உள்ள கோடுகளை 10 மைக்ரானுக்கு இத்தனை என்று எண்ணித்தான் இனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு துண்டுக்கு 300 முதல் 500 ஓடுகள் எண்ணுவது வழக்கம். இருபது துண்டுகள் என்றால் எட்டாயிரம் ஓடுகள். பழகியவருக்கு ஒரு துண்டு அரைநாள். புதியவருக்கு ஒருநாளுக்கு மேல்.

அமிலமாதலுக்கும் ஊட்டமிகுதிக்கும் (கழிவும் உரமும் சேர்ந்து நீரில் சத்து மிகுவதற்கும்) இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. ஸ்காட்லாந்தின் ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட் என்ற சிறு மலை ஏரி இதற்குச் சான்று. ஏரிகள் அமிலமானதற்கு அமில மழை காரணமா, ஊசியிலைக் காடு வளர்ப்பு காரணமா என்று 1980களில் கடும் வாதம் நடந்தது. அந்த ஏரியைச் சுற்றிக் காடு வளர்க்கப்படவே இல்லை. இருந்தும் அதன் உருளையில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமிலம் தாங்காத டயாட்டங்கள் குறைந்து அமிலம் விரும்பும் இனங்கள் பெருகின. அவற்றைக் கொண்டு கணித்தபோது நீரின் பி.எச். சுமார் 5.5 இலிருந்து 5 க்கும் கீழே இறங்கியது தெரிந்தது. காட்டின் மீது பழி போட இடமில்லாமல் போயிற்று.

கன உலோகம் என்றால் டயாட்டத்தின் குரல் தளர்ந்துவிடுகிறது. பி.எச்., பாசுபரசு, ஒளி எல்லாம் அவற்றை ஒருங்கே ஆட்டுவிப்பதால் உலோகத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினம். ஓடு கோணலாக வளர்வது உலோக மாசின் அடையாளமாக அடிக்கடி சொல்லப்படுகிறது. மற்ற நெருக்கடிகளிலும் கோணல் ஓடுகள் வரும், சுத்தமான ஏரியிலும் ஒன்றிரண்டு இருக்கும், ஆகவே அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது கரைதல். பைக்கால் ஏரியில் வாழ்ந்து மடியும் டயாட்டங்களில் சுமார் 1 சதவீதம் மட்டுமே வண்டலில் மிஞ்சுகிறது; மெல்லிய ஓடுள்ளவை மறைந்து தடித்தவை மட்டும் நிற்பதால், எஞ்சியிருக்கும் கூட்டம் வாழ்ந்த கூட்டத்தைப் போல இராது. உப்பும் காரமும் மிகுந்த ஏரிகளில் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது, பி.எச். அல்லது பாசுபரசு அளவை எண்ணாகக் கணித்துச் சொல்ல வேண்டுமானால் அதே வட்டாரத்தில் பல பத்து ஏரிகளின் நீரையும் மேல்வண்டலையும் ஒப்பிட்டுச் செய்த அளவீட்டுத் தொகுப்பு வேண்டும். அது இல்லாதபோது வேறொரு கண்டத்தின் தொகுப்பைக் கடன் வாங்கினால் இரண்டு தசமத் துல்லியத்தோடு தவறான விடை கிடைக்கும்.

## ஓட்டு அமீபா

பலரும் பெயரளவில்கூட அறியாத இந்த உயிரிக்கு நான் சற்று அதிக இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அடிச்சேற்றில் வாழும் இந்த ஒற்றைச் செல் உயிர், தன்னைச் சுற்றியுள்ள மணற்பொடியையும் டயாட்டம் துணுக்குகளையும் பொறுக்கி, தானே சுரக்கும் பசையால் ஒட்டி வீடு கட்டிக்கொள்கிறது. டிஃப்லூஜியா என்ற வகை கட்டிய ஓடு மணலால் வனைந்த சிறு குடம்போல, அடி பருத்து, வாய் குறுகி, ஒளிபடும்போது பொடிக்கற்கள் மின்ன நிற்கும். சென்ட்ரோபிக்சிஸ் என்ற வகையின் ஓடு தட்டையான தொப்பிபோல் இருக்கும். சில வகைகளில் ஓரத்தில் முட்கள் நீண்டிருக்கும். சிலிக்கா ஓடுபோல் இது காரநீரில் எளிதில் கரைவதில்லை, சுண்ணாம்பு ஓடுபோல் அமிலத்துக்கும் அஞ்சுவதில்லை.

தயாரிப்புக்கு அமிலம் வேண்டாம், சூடேற்ற வேண்டாம். சேற்றைச் சல்லடையில் நீரால் அலசி, ஈரமாகவே ஒரு தட்டில் பரப்பி, 40 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். ஒரு துண்டுக்கு 150 ஓடுகள் வரை எண்ணினால் பெரும்பாலும் போதுமான கணக்கு கிடைக்கும். அறிந்துகொள்ள வேண்டிய இனங்களும் டயாட்டத்தைப்போல் நூற்றுக்கணக்கில் இல்லை; ஒரு பருவம் பயின்றால் தனியே எண்ணத் தொடங்கலாம்.

அடியில் வாழ்வதால் வண்டலில் சேர்ந்த உலோகத்தை இவை நேரடியாக எதிர்கொள்கின்றன. யெல்லோநைஃப் வட்டார ஏரிகளில் ஆர்சனிக் மிகுந்த இடங்களில் கடும் சூழலைத் தாங்கும் சென்ட்ரோபிக்சிஸ் வகைகள் மேலோங்கின. ஆர்சனிக் குறைந்த ஏரிகளில் டிஃப்லூஜியா வகைகள் பலவும் செழித்த, பன்மை மிக்க கூட்டம் இருந்தது. மேலே சொன்ன ஆர்சனிக் நடமாட்டத்தை நினைத்துப் பாருங்கள். உலோகம் மேலேறிவிட்டாலும், அது பாதித்த காலத்து ஓடுகள் அந்தக் காலத்து அடுக்கிலேயே கிடக்கும். வேதிப் பகுப்பாய்வு குழப்பும் இடத்தில் உயிரி கைகொடுப்பது இங்கேதான்.

இத்தாலியின் ஓர்த்தா ஏரியிலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1926 இல் அதன் கரையில் தொடங்கிய ரேயான் ஆலையின் தாமிரமும் அமோனியமும் ஏரியை நஞ்சாக்கின. பிற்பாடு 1989-90 இல் சுண்ணாம்பு தூவி அமிலத்தைப் போக்கினார்கள். அந்த வண்டலில் டயாட்டம், ஓட்டு அமீபா, நீர்த்தெள்ளு என்ற மிதக்கும் சிற்றுயிர் மூன்றின் சராசரி உடலளவும் மாசுக் காலத்தில் சிறுத்தது. விரைவில் பெருகும் சிற்றுயிர்கள் நெருக்கடியில் மேலோங்குகின்றன என்பதற்கு அது ஆதரவான சான்று. இனம் பிரிக்கத் தயங்கும் தொடக்கநிலை ஆய்வாளர் ஓட்டின் நீளத்தை மட்டும் அளந்தாலே ஏதோ ஒன்று கிடைக்கும் என்பது இதன் நடைமுறைப் பயன்; யாரும் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. டயாட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும் இடத்தில் இதற்கு 2 முதல் 5 கன சென்டிமீட்டர் சேறு வேண்டும். விரைந்து படியும் ஏரியில் ஓடுகள் நீர்த்துப்போய் அதுவும் போதாமல் போகலாம். 63 மைக்ரான் சல்லடை பயன்படுத்தினால் சிறிய ஓடுகள் கழிந்துவிடும். நுண்ணிய சல்லடை பயன்படுத்தினால் எண்ணும் நேரம் இரட்டிக்கும். ஒரே இனத்துக்குள் உருவ வேறுபாடு அதிகம் என்பதால் ஆய்வாளர்களுக்கிடையே பெயரில் ஒற்றுமை குறைவு. ஆக்சிசன் குறைவும் கரிமப் பொருள் மிகுதியும் உலோகத்தைப்போலவே கூட்டத்தை மாற்றக்கூடும்.

## நீர்த்தெள்ளும் கைரோனோமிட் புழுவும்

இரண்டும் கைட்டின் எச்சம் விடுபவை. இரண்டுக்கும் சேற்றை நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிச் சலிக்க வேண்டும். கைரோனோமிட் கடிக்காத கொசுவின் குடும்பம். அதன் புழுக்களில் சில ஹீமோகுளோபினால் சிவந்து, ஆக்சிசன் அருகிய அடிச்சேற்றிலும் வாழும். ஆகவே கழிவுநீரால் ஆழ்நீரின் ஆக்சிசன் தீர்ந்த வரலாற்றுக்கு இதுவே முதல் தேர்வு. வாய்ப்பகுதிப் பற்கள் கோணலாவது நச்சு மாசைக் காட்டக்கூடும். புழுவின் தலைக்கூடுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும் என்பதும், ஒரு துண்டுக்குக் குறைந்தது 50 வேண்டும் என்பதும்தான் இடர். கூடு அருகிய ஏரியில் அந்த 50 க்காகத் துண்டின் பாதிச் சேறு போய்விடும்.

நீர்த்தெள்ளு மிதவையுயிர் என்பதால் மேல்நீரின் கதையைச் சொல்லும். அதன் உடலளவை மாசைவிட மீன்கள் அதிகம் மாற்றும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் வேறெதிலும் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: உறக்க முட்டைகளைப் பழைய அடுக்கிலிருந்து எடுத்துப் பொரிக்கவைக்கலாம். கான்ஸ்டன்ஸ் ஏரியில் இப்படிப் பொரித்த டாப்னியா என்ற நீர்த்தெள்ளைக் கொண்டு, நீலப்பச்சைப்பாசி பெருகிய காலத்தில் அந்த இனம் நச்சுப்பாசியைத் தாங்கப் பரிணமித்ததை 1999 இல் காட்டினார்கள்.

## வண்டல் டி.என்.ஏ.

ஓடே விடாத உயிர்களுக்கு, குறிப்பாக நச்சு சுரக்கும் நீலப்பச்சைப்பாசிக்கு, இது ஏறத்தாழ ஒரே வழி. குளிர்ந்த, ஆக்சிசனற்ற வண்டலில் நன்றாக நிலைக்கும்; வெப்பமான, ஆழமற்ற ஏரியில் பழைய அடுக்குகளில் ஏமாற்றம் காத்திருக்கும். ஒப்பிடுவதற்கான மரபணுத் தொகுப்பில் இல்லாத இனம் பெயரில்லாமல் நிற்கும்; கிடைக்கும் டி.என்.ஏ. நகல்களின் எண்ணிக்கையை உயிர்களின் எண்ணிக்கையாகக் கொள்ளவும் முடியாது.

இந்த முடிவைப் பிறகு எடுக்க முடியாது என்பதே இதன் பெரிய மறைசெலவு. படகிலேயே கையுறை, வெளுப்பான் தடவிய கருவி, உருளையின் உட்பகுதியிலிருந்து மட்டும் மாதிரி, வெளி டி.என்.ஏ. கலந்ததா என்று பார்க்கச் சேறே இல்லாத ஒரு சோதனைக் குழாய் என்று ஒழுங்காகத் தொடங்காத உருளையில் பின்னாளில் டி.என்.ஏ. பார்த்துப் பயனில்லை. இப்போது வேண்டாம் என்று நினைப்பவரும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு கிராமைத் தூய்மையாக எடுத்து உறையவைப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | சிறப்பாகச் சொல்வது | ஒரு துண்டுக்குச் சேறு | தடுமாறும் இடம் |
|---|---|---|---|
| வேதிப் பகுப்பாய்வு | மாசின் அளவு, மூலம் | ஒரு கிராமுக்குள் (உலர்) | ஆர்சனிக், பாசுபரசு நடமாட்டம் |
| டயாட்டம் | அமிலமாதல், ஊட்டமிகுதி | ஒரு சிட்டிகை | உப்பு, கார ஏரிகள் |
| ஓட்டு அமீபா | அடிவண்டலில் உலோகத்தின் விளைவு | 2–5 கன செ.மீ. | விரைந்து படியும் ஏரி |
| கைரோனோமிட் | ஆழ்நீர் ஆக்சிசன் | மிக அதிகம் | எச்சம் அருகிய சேறு |
| நீர்த்தெள்ளு | மேல்நீர் உணவுச் சங்கிலி | சில கன செ.மீ. | மீன்வளம் மாறிய ஏரி |
| டி.என்.ஏ. | ஓடில்லாத உயிர்கள் | ஒரு கிராமுக்குள் | வெப்பமான, ஆழமற்ற ஏரி |

## எந்தச் சூழலில் எது

சுரங்கம், உருக்காலை, முலாம் பூசும் தொழில் ஆகியவற்றின் கழிவு என்றால் வேதிப் பகுப்பாய்வோடு ஓட்டு அமீபாவைச் சேர்ப்பேன். டயாட்டம் தெரிந்தவர் குழுவில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் அதை மாற்ற மாட்டேன். கழிவுநீரும் உரமும் என்றால் டயாட்டம் முதலில்; ஆழமான ஏரியாக இருந்து அடியில் மீன்கள் செத்த வரலாறு இருந்தால் கைரோனோமிட்டும் சேரட்டும். அமில மழை அல்லது அமிலச் சுரங்கநீர் ஐயம் என்றால் டயாட்டத்தோடு கரித்துகள் எண்ணிக்கை போதும். உலோகத்தை ஐந்தாறு துண்டுகளில் மட்டும் அளந்தால் சரி. கேள்வி "யார் விட்டது?" என்பதாக இருந்து பணமும் குறைவாக இருந்தால், உயிரிகளை விட்டுவிட்டு ஈய ஐசோடோப்பிலும் காலக்கணிப்பிலும் முழுத் தொகையையும் போடலாம்.

எண்ணுவதற்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரும் புதியவர் என்றால் ஓட்டு அமீபாவோடு சில உலோகங்கள். அளவீட்டுத் தொகுப்பு ஏற்கெனவே உள்ள வட்டாரத்தில், வழிகாட்ட அனுபவசாலி இருந்தால், அந்தப் புதியவருக்கும் டயாட்டமே நல்லது. அங்கே விடை வெறும் கூடுதல் குறைவாக இல்லாமல் பி.எச். எண்ணாகவே கிடைக்கும்.

எதை முடிவு செய்வதற்கு முன்பும் ஒரு மாதத்தை முன்னோட்டத்துக்கு ஒதுக்குங்கள். உருளையின் மேல், அடி, இடையில் மூன்று என்று ஐந்து துண்டுகளிலிருந்து மட்டும் துளித்துளி எடுத்து, டயாட்டத்துக்கு ஒரு சில்லு, ஈரச்சலிப்புக்கு ஒரு தட்டு என்று பாருங்கள். மேல் துண்டில் முழு ஓடுகளும் அடித் துண்டில் உடைந்த, விளிம்பு கரைந்த ஓடுகளும் தெரிந்தால் அந்த உயிரியை அந்த ஏரியில் எண்ண வேண்டாம். அடியில் இனங்கள் குறைந்ததுபோல் தெரிவது கரைந்ததன் விளைவாக இருக்கும். ஐந்து தட்டுகளிலும் மணற்குடங்கள் முழுதாகக் கிடைத்தால் எந்தச் சல்லடை, எவ்வளவு சேறு என்பதை அந்த ஐந்திலேயே முடிவு செய்துவிடலாம். இரண்டிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் கைட்டினைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், மீதமுள்ள சேற்றை வேதிப் பகுப்பாய்வுக்குக் கொடுத்துவிட்டு, வேறோர் ஆழத்தில் இரண்டாவது உருளை எடுக்கப் படகைக் கேளுங்கள்.